யோர்தான் குழாய்

அந்த வால்வை எடுத்தது நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. என் கோபத்துக்கு நானே ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். அதனால் ஒரு பெண்ணின் வேலை போக இருந்தது. வேலை போனால், கடைசி வருஷம் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்த அவருடைய மகளின் படிப்பும் அதோடு போயிருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்தக் கம்பெனியில் என்னைப் பற்றிப் பேசுவது வேறு கதை. புகையைக் குறைத்த மேடம் என்பார்கள். மாலை போட்டு ஷீல்டு கூடக் கொடுத்தார்கள். அது இப்போது எங்கள் வீட்டு அலமாரியில் துணிகளுக்குப் பின்னால் கிடக்கிறது.

படாளத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு உள்ளே போனால் எங்கள் பீர் தொழிற்சாலை. அதில் நான் எரிசக்திப் பொறியாளர். கரண்ட், ஆயில், நீராவி எல்லாம் எங்கே வீணாகிறது என்று மோப்பம் பிடித்து அடைப்பது என் வேலை. இந்த வேலையைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு உண்டு. அப்பா கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அக்கம்பக்கம் எல்லாம் அதே மாதிரிக் குடும்பங்கள். "பொண்ணு எங்க வேலை பண்றா?" என்று யாராவது கேட்டால் அம்மா, "தானியம் பதப்படுத்துற கம்பெனி" என்பாள். பார்லி தானியம்தானே, இதில் பொய் என்ன இருக்கிறது என்று அவளுக்கு ஒரு சமாதானம். எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம் வேறு. நானும் வேலை முடிந்ததும் ஆபீஸ் மாடிக் குளியலறையில் கீஸர் போட்டுக் குளித்து, உடை மாற்றி, சந்தன சோப்பு மணக்கத்தான் வேன் ஏறுவேன். பீர் தொழிற்சாலையை ஒரு சுற்று சுற்றினால் போதும், அந்தப் புளித்த வாசனை தலைமுடியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பச்சைத் தண்ணீருக்கு அது அசையாது.

அந்த வருஷம் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. கரி வெளியீட்டைக் குறைத்தே ஆக வேண்டும், மாதக் கடைசியில் தணிக்கைக்கு ஆள் வருவார்கள் என்று. எங்களிடம் இருந்தது ஃபர்னஸ் ஆயில் குடிக்கிற பழைய பாய்லர். அதிலிருந்து கிளம்பும் நீராவி பெரிய கொப்பரைகளில் பார்லிச் சாற்றைக் கொதிக்க வைக்கும். சூட்டைக் கொடுத்துவிட்டு அதுவே வெந்நீராகி, தனிக் குழாய் வழியாக பாய்லருக்குத் திரும்பி வரும். திரும்பி வருகிற ஒவ்வொரு சொட்டும் மிச்சம். வராவிட்டால் பச்சைத் தண்ணீரைப் பிடித்து முதலிலிருந்து சுட வைக்க வேண்டும், அதற்கு ஆயில், அதற்குப் புகை. எங்களுக்குத் தினமும் மத்தியானம் இரண்டு மணியிலிருந்து இரண்டரைக்குள் வெந்நீர் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

பத்து நாள் மண்டை காய்ந்தது. பாய்லரைக் கவனித்துக்கொண்டவர் ஐம்பது வயதுக்காரர், அந்தப் பக்கத்து ஆள். அவரிடம் கேட்டேன்.

"அண்ணே, ரெண்டு மணிக்கு இங்க என்ன நடக்குது?"

"ஒண்ணும் இல்ல மேடம். மீட்டர் பேஜாரு பண்ணுது."

"தினம் ரெண்டு மணிக்கு மட்டும் பேஜார் பண்ற மீட்டரா? நான் என்ன காதுல பூ வச்சிருக்கேனா?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடியும் தோளிலேயே போட்டுக்கொண்டார். அதுதான் பதில். எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று அம்மா சொல்வாள். அன்றைக்கு அது உச்சந்தலையில் இருந்தது.

மறுநாள் இரண்டு மணிக்கு, சூடு பார்க்கிற கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு, வெந்நீர்க் குழாயை ஒட்டியே நடந்தேன். பாய்லர் ஹவுஸைச் சுற்றி, பழைய இரும்பு கொட்டுகிற இடத்தைத் தாண்டியதும் ஒரு கிளைக் குழாய் பிரிந்தது. எந்த வரைபடத்திலும் இல்லாத குழாய். அது ஒரு தகரக் கொட்டகைக்குள் போனது. ஓட்டை வழியே ஆவி வந்துகொண்டிருந்தது. திருடர்களைக் கையும் களவுமாகப் பிடிக்கிற நினைப்பில் கதவை ஓங்கித் தள்ளினேன்.

"யம்மா! இன்னா இது! கதவ சாத்துங்க!"

உள்ளே ஏழெட்டுப் பெண்கள். பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு, ஒரு நீல டிரம்மைச் சுற்றி நின்று மொண்டு மொண்டு ஊற்றிக் குளித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டில் ஹாலில் வேலை செய்கிற ஒப்பந்தத் தொழிலாளிகள். கடைகளிலிருந்து திரும்பி வருகிற பழைய பீர் பாட்டில்களைப் பிரித்துக் கழுவ அனுப்புகிற ஹால் அது. என்றைக்கோ குடித்து மிச்சம் வைத்த பீர் பாட்டிலுக்குள் அழுகிக் கிடக்கும். கை, புடவை, தலை எல்லாம் தெறிக்கும்.

கதவைச் சாத்திக்கொண்டு நான் உள்ளேயே நின்றேன். "இது என்ன தண்ணின்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

"சுடுதண்ணி மேடம்" என்றது ஒரு குரல். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது.

எல்லோருக்கும் மூத்தவராகத் தெரிந்த ஒருவர், நாற்பது வயதிருக்கும், ஈரத் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் வந்தார். "கோவப்படாதீங்க மேடம். பச்சத் தண்ணில இந்த நாத்தம் போவாது. இப்பிடியே பஸ்ல ஏறுனா நாய விட கேவலமா பாப்பாங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என் வூட்ல ஜூஸ் கம்பெனின்னு சொல்லிகினு கீறேன். வூட்டுக்காரரு பூட்டாரு. எங்க மாமா வூட்லதான் நானும் பொண்ணும் கீறோம். அவரு ஜெபக்கூடம் நடத்துறாரு. வாசன வூட்டுக்கு வந்துச்சுன்னா வேலைக்கு அனுப்ப மாட்டாரு. பொண்ணு கடைசி வருஷம் நர்ஸிங் படிச்சிகினு கீது மேடம்."

மாமா என்று அவர் சொன்னது செத்துப்போன கணவரின் அண்ணனை. ஆக, என்ன போகப் போகிறது என்று எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

"குளிக்கறதுக்குக் கம்பெனி பாய்லரா? வீட்டுக்குப் போய்க் குளிங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பாய்லர்காரர் கொட்டகைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். "நான்தான் மேடம் போட்டேன்" என்றார். அவருடைய மனைவி முன்பு பாட்டில் ஹாலில் வேலை செய்தாராம். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒருத்தரும் உட்கார மாட்டார்களாம். அப்போது போட்ட குழாய். அந்த அம்மாள் வேலையை விட்டும் வருஷங்கள் ஆகிவிட்டன, குழாய் மட்டும் நின்றுவிட்டது. பெண்களில் பாதிப் பேர் அதைக் காசி என்பார்கள், மீதிப் பேர், இயேசு ஞானஸ்நானம் பெற்ற ஆறு என்று, யோர்தான் என்பார்கள். ஜெபக்கூடத்து அக்கா வாய்த் துடுக்குக்காரர் என்பதால் யோர்தானே நிலைத்துவிட்டது. "இன்னாடி, யோர்தானுக்கு நேரமாவல?" என்றால் ஷிஃப்ட் முடிந்தது என்று அர்த்தம்.

கிளைக் குழாயின் வால்வில் வெறும் கைப்பிடியைக் கழற்றினால் மறுபடி மாட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பாய்லர் நிறுத்தியிருக்கும்போது வால்வையே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கனமான இரும்புத் தகட்டை வைத்து வெல்டிங் அடிக்கச் சொன்னேன். வெல்டர் வேறு யாரும் இல்லை, பாய்லர்காரர்தான். தான் போட்ட குழாயைத் தானே அடைத்துக் கொடுத்தார். இனி அதைத் திறக்க வேண்டுமென்றால் மறுபடி பாய்லரை அணைத்து, குழாயை ஆறவிட்டு, அறுக்க வேண்டும். அடுத்த ஞாயிறு வரை நடக்காது. அப்போது அது எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வாரம் ஆயில் கணக்கு தானாக இறங்கியது. மேனேஜர் என் மேஜைக்கே வந்து கை கொடுத்தார். "எதையும் விடாதீங்க மேடம். சின்னதா இருந்தாலும் விடாதீங்க" என்றார். பாட்டில் ஹால் பெண்கள் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவெல்லாம் இல்லை. வழக்கம்போல ஒதுங்கி வழிவிட்டார்கள்.

சனிக்கிழமை ஆபீஸ்காரர்களுக்கும் இரண்டு மணிக்கு விடுதலை. அன்றைக்குப் பார்த்து வேன் மக்கர் செய்தது. நான் மாடியில் குளித்து முடித்து, மெயின் ரோட்டுக்கு நடந்து, இரண்டு நாற்பது பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அடுத்த நிமிஷம் பாட்டில் ஹால் பெண்கள் ஏறினார்கள். அவர்களுக்கு முன்னால் அந்த வாசனை ஏறியது. ஜெபக்கூடத்து அக்கா தயங்கித் தயங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். புடவைத் தலைப்பை உடம்போடு சுற்றி, கைகளை மடியில் ஒடுக்கிக்கொண்டார்.

"த்தூ, காலங்காத்தால ஊத்திகினு வந்துட்டாளுங்களா?" என்றான் பின்னாலிருந்து ஒருவன். மணி மூன்றாகப் போகிறது, அவனுக்குக் காலங்காத்தாலயாம். சிலர் சிரித்தார்கள். முன் சீட்டில் இருந்த ஒரு அம்மாள் என்னைப் பார்த்து, "நீ இங்க வந்து குந்தும்மா. அங்க நாறுது" என்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

நான் எழுந்து போனேன். ஆமாம், போனேன். யோசிக்கக்கூட இல்லை, கால் தானாகப் போனது. செங்கல்பட்டு வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கியபோது அந்த அக்கா ஏற்கெனவே எங்கேயோ இறங்கிப் போயிருந்தார்.

திங்கட்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. புதன்கிழமை மத்தியானம் பாய்லர்காரர் என் அறை வாசலில் வந்து நின்றார். அதுவரை அவர் மாடி ஏறியதே இல்லை.

"மேடம், அந்தப் பொண்ணோட மாமாக்கு தெரிஞ்சிபோச்சு. வாரம் பூரா அவரு வர்றதுக்குள்ள தொவச்சிப் போட்டுட்டுச்சாம், சனிக்கெழம அவரு வூட்லயே இருந்து புடவைய மோந்து பாத்துட்டாராம். வூட்லயே குந்தினு கீது. சொல்லாம மூணு நாள் லீவு போட்டா கான்ட்ராக்டர் பொறுத்துப்பாரு. நாலாவது நாள் காத்தால ஆறு மணிக்கு கேட்ல நிக்கலன்னா பேர அடிச்சிருவாரு."

"நாலாவது நாள்னா?"

"நாளைக்கு."

மேனேஜரிடம் ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை குழாயைச் சரிசெய்கிறவரை அந்தப் பெண்கள் மாடிக் குளியலறையில் குளிக்கட்டும் என்றேன். "அப்புறம் எல்லாரும் வருவாங்க மேடம்" என்றார். குளியலறை எனக்கு நேர் எதிரே இருந்தது. கீஸரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவருடைய வீடு பாலாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம். பாய்லர்காரர் வழி சொன்னார். சாயங்காலம் ஆபீஸில் ஒருத்தரின் ஸ்கூட்டியை இரவல் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், அந்த மாமாதான், வாசலில் ஷேர் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். கதவோரம் அந்த அக்கா. என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"அவங்க வேலை செய்யற கம்பெனியிலேருந்து வரேன்" என்றேன்.

"அப்பிடியா? இன்னா கம்பெனி அது?"

அக்கா என் வாயையே பார்த்தார். என் அம்மாவின் வாக்கியம் தானாக வந்து விழுந்தது. "தானியம் பதப்படுத்துற கம்பெனி."

மாமா தண்ணீர் மக்கைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்தார். "நீயும் அங்கதான வேலை செய்ற?"

"ஆமாம்."

"உன் மேல ஒரு வாசனையும் அடிக்கலியே?"

பொய் சொல்ல முடியும். ஆனால் என்ன பொய் சொல்வது? வாசலில் நின்ற என் மேல் சந்தன சோப்பு மணந்துகொண்டிருந்தது.

"எங்களுக்கு மாடியில வெந்நீர் இருக்கு" என்றேன். "இவங்களுக்கும் கீழ ஒண்ணு இருந்தது. அதை நான்தான் அடைச்சேன். தப்பு என்னோடது."

அவர் என்னை ஸ்கூட்டி வரைக்கும் கொண்டுவந்து விட்டார். அக்காவுக்குக் கேட்காத தூரம் வந்ததும் மெதுவாகப் பேசினார்.

"எனக்குத் தெரியாதா அது இன்னா கம்பெனின்னு? அந்த ரோட்லதான் ஆட்டோ ஓட்டிகினு கீறேன். குளிச்சிட்டு வந்துச்சுன்னா நான் எதுக்குக் கேக்கப் போறேன்? வாசனையோட வந்தா கேட்டே ஆவணும். ஞாயித்துக்கெழம நாலு பேருக்கு முன்னாடி நின்னு பேசறவன் நான். நான் கேட்டா, அது பதில் சொல்லியே ஆவணும்."

"நாளைக்கு அனுப்புங்க. குளிச்சிட்டுத்தான் வருவாங்க."

"அனுப்புறேன். நாளைக்கும் அதே நாத்தத்தோட வந்தா அதோட சரி. அப்புறம் நீ இந்தப் பக்கம் வராத."

வாக்குக் கொடுத்துவிட்டேன். தண்ணீர் எங்கே? ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டே யோசித்தேன். எங்கள் கம்பெனியில் காற்று அழுத்துகிற பெரிய கம்ப்ரஸர்கள் உண்டு. ஓட ஓடச் சூடாகும். அதைக் குளிர்விக்கிற தண்ணீர் கொதிக்கிற மாதிரி வெளியே வரும். அந்தச் சூட்டை ஒரு கோபுரத்தில் ஏற்றிக் காசு செலவழித்து வானத்துக்கு விட்டுக்கொண்டிருந்தோம். சூடு எங்கே வீணாகிறது என்று தேடுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். அது என் கண்ணில் படவில்லை, ஏழெட்டுப் பெண்களின் டிரம் பட்டிருக்கிறது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

கம்ப்ரஸர் தண்ணீரில் மருந்து கலந்திருக்கும், நேராகக் குளிக்க ஆகாது. இரும்புக் குவியலில் பழைய வெப்பமாற்றி ஒன்று கிடந்தது. ஒரு பக்கம் கம்ப்ரஸர் தண்ணீர், மறுபக்கம் போர் தண்ணீர். இரண்டும் கலக்காது, சூடு மட்டும் தாவும். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் கேட்டில் நின்றேன். அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கினார், கான்ட்ராக்டரின் பட்டியலில் கையெழுத்துப் போட்டார், என்னைப் பார்க்காமல் பாட்டில் ஹாலுக்குப் போனார். நானும் பாய்லர்காரரும் வேலையைத் தொடங்கினோம். ஒன்றரைக்கு வாஷர் பிய்த்துக்கொண்டது. சைக்கிள் டியூபை வெட்டி அடைத்தார். இரண்டு மணிக்குப் பெண்கள் கொட்டகைக்கு வந்தார்கள். குழாயைத் திறந்தேன்.

அக்கா கையை நீட்டிப் பார்த்தார். "பச்சத் தண்ணி மேடம்" என்றார்.

அய்யோ என்று ஆகிவிட்டது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஷிஃப்ட் மாறுகிற நேரம் பாட்டில் லைன் நிற்கும். லைன் நின்றால் காற்று வேண்டாம், கம்ப்ரஸர் சும்மா சுற்றும். சும்மா சுற்றினால் சூடு ஏது? அவர்கள் குளிக்கிற அந்த அரை மணி நேரத்தில் மட்டும் என் புத்திசாலித்தனம் வேலை செய்யாது! புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாட்டில் ஹாலுக்கு ஓடினேன். அடுத்த ஷிஃப்ட் ஆபரேட்டர் அப்போதுதான் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"லைனை இப்பவே ஓட்டுங்க."

"இன்னும் பத்து நிமிஷம் கீது மேடம்."

"உங்க காலைப் பிடிக்கிறேன், ஓட்டுங்க!"

டீயை அப்படியே வைத்துவிட்டு ஓட்டினார். நான் திரும்பி ஓடி வந்து குழாயின் அடியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டேகால். இரண்டு இருபது. தண்ணீர் வெதுவெதுத்தது. இரண்டு இருபத்தைந்துக்குக் கை பொறுக்காத சூடு வந்தது. பஸ்ஸுக்குப் பதினைந்தே நிமிஷம். எல்லோரும் குளிக்க நேரமில்லை.

"அத மொதல்ல வுடுங்கடி" என்றார் ஒரு பெண். மற்றவர்கள் கதவுக்கு வெளியே வந்துவிட்டார்கள். அக்கா மட்டும் உள்ளே குளித்தார். தலைமுடியில் சொட்டச் சொட்ட அவர் முன்னால் ஓட, மற்றவர்கள் அந்த வாசனையோடேயே பின்னால் ஓடிப் பஸ் பிடித்தார்கள். நான் இரும்புக் குவியல் மேல் உட்கார்ந்து அழுதேன். பாய்லர்காரர் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அக்கா வந்தார். அதற்குள் ஒரு பழைய டாங்கியில் பஞ்சு சுற்றி, காலையிலேயே சூட்டைச் சேர்த்து வைக்க ஏற்பாடு செய்துவிட்டோம். பாய்லர் வெந்நீர் பாய்லருக்கே போனது. தணிக்கைக்கு வந்தவர்கள் கம்ப்ரஸர் குழாயைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த மாத அறிக்கையில், அடுத்து நிறுத்த வேண்டியது என்ற தலைப்பின் கீழ் மாடிக் கீஸரை எழுதினேன். மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். சின்னதா இருந்தாலும் விடாதீங்க என்று சொன்னவர் அவர்தானே? கையெழுத்துப் போட்டார்.

கீஸரைக் கழற்றிய பிறகு வந்த முதல் சனிக்கிழமை. இரண்டு மணிக்குச் சந்தன சோப்பும் துண்டும் மாற்றுடையும் எடுத்துக்கொண்டு தகரக் கொட்டகைக்குப் போனேன். ஜெபக்கூடத்து அக்கா மக்கைக் கையில் பிடித்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் டிரம்மை நோக்கி ஓரடி வைத்தேன்.

"பின்னாடி நில்லுங்க மேடம்" என்றார். "எங்களுக்கு பஸ்ஸு கீது."

நான் போய் வரிசையில் கடைசியாக நின்றேன்.